உடனமர்ந்து உண்பாரே உற்ற மருந்து

பசித் துன்பத்தைத் தமிழ் இலக்கியம் நன்கறியும். அடுப்பெரியாத இல்லங்களையும், பால் வற்றிய தாயின் முகம் நோக்கி அழும் குழவியையும் சங்கப் புலவர் காட்டினர். மணிமேகலைக் காப்பியத்தில், எவ்வளவு உண்டாலும் அடங்காத ‘யானைத்தீ’ என்னும் பசிநோயால் காயசண்டிகை என்பாள் நெடுங்காலம் துன்புறுகின்றாள். எவருடைய அறிவுரையாலும் அந்நோய் தீரவில்லை. அமுதசுரபியினின்று மணிமேகலை தன் கையால் இட்ட உணவே அதனைத் தீர்த்தது.

காயசண்டிகையின் நோய்க்கு நேர்மாறான நோயொன்றும் உலகில் உண்டு. கலத்தில் சோறிருக்கும், வீட்டில் வளமிருக்கும், பரிமாற அன்னை அருகே நிற்பாள். ஆயினும் ஒரு பெண்ணோ பையனோ உண்ண அஞ்சி நாளுக்கு நாள் உருகுவதுண்டு. அன்றி, யாரும் அறியாமல் அளவின்றி உண்டு, பின்னர் நாணமும் குற்றவுணர்வும் கொண்டு உடலை ஒறுப்பதும் உண்டு. இவற்றை மருத்துவர்கள் ‘உண்ணல் கோளாறுகள்’ என்பர். “கொழுப்பு,” “பிடிவாதம்,” “செல்லம் கொடுத்ததன் விளைவு” என்பன நாம் இவற்றுக்கு இடும் பெயர்கள். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்படும் இந்நோயை இவ்வாறு பெயரிட்டு ஒதுக்குவது பெரும்பிழை என்பது என் கருத்து. இந்நோய் வந்தது எதனால் என்று ஆராய்வதினும், இதிலிருந்து மீள்வது எங்ஙனம் என்று ஆராய்தலே நமக்கு முதற்கடன். மீட்சிக்கு உதவுவன யாவை, தடையாவன யாவை என்பதை இயன்ற அளவில் எடுத்துரைக்க முயல்கின்றேன்.

நோய் புதிதன்று

இது தொலைக்காட்சியும் கைப்பேசியும் கொணர்ந்த புதுமை என்று எண்ணுவார் பலர். 1873ஆம் ஆண்டிலேயே பாரிசில் லசேக் என்னும் மருத்துவரும், இலண்டனில் சர் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இந்நோயை விரித்துரைத்தனர். ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்னும் பெயரை வழங்கியவர் கல். பசியின்மை என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் இப்பெயர் முற்றும் பொருந்தாது. நோயுற்றோர் பலருக்கும் பசி உண்டு. பசி இல்லாமையன்று, பசியோடு ஓயாது போரிடுதலே இந்நோயின் இயல்பு. அளவிறந்து உண்டு பின்னர் அதனை ஈடுசெய்ய முயலும் ‘புலிமியா’ என்னும் வகையை 1979இல் இலண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் தெளிவுபடுத்தினார்.

நம் நாட்டில் இது இல்லை என்பதும் மெய்யன்று. தில்லி மருத்துவர்கள் 1995இல் இத்தகைய ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். அதே ஆண்டில் சென்னை மருத்துவர்களும் மருத்துவ மாணவரிடையே உணவு பற்றிய மனவேதனை இருத்தலை எடுத்துக்காட்டினர். தில்லியில் கண்ட பெண்கள், மேலைநாட்டு நூல்கள் கூறுவதுபோல், உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தை வெளிப்படுத்தவில்லை. உண்ண மறுத்தலும் வாந்தியும் மெலிவுமே அவர்களிடம் காணப்பட்டன. இங்கே நாம் கருத்தூன்ற வேண்டும். “எனக்குப் பருமன் அச்சம் உண்டு” என்று நம் வீட்டுப் பிள்ளை சொல்லமாட்டாள். “வயிறு சரியில்லை, வேண்டாம்” என்பாள். நாமும் வயிற்று மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பின் ஓதிப் பார்ப்போம். தண்ணீர் ஓதிக் கொடுப்போம். இறைவனிடம் இறைஞ்சுதல் வேண்டும்தான். ஆனால் இறைஞ்சுவதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடும். நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், இளமையிலேயே மருத்துவம் பெற்றோர்க்கு மீட்சி எளிது என்பதே ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டும் உண்மை.

பட்டினி மனத்தை மாற்றும்

“அவள் மனத்தைத் திருத்துங்கள், பிறகு தானே உண்பாள்” என்பது பலரும் கூறுவது. இக்கூற்றில் வரிசை மாறியிருக்கின்றது என்பதை ஒரு பழைய ஆய்வு காட்டும்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பட்டினியால் வாடிய மக்களை எவ்வாறு உணவூட்டி மீட்பது என்று அறிய, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேர் தாமே முன்வந்து அதில் பங்கேற்றனர். உடலும் உள்ளமும் நலமுடையோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே தரப்பட்டது.

விளைந்தது என்ன? அவர்கள் எப்பொழுதும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களைத் தேடித் தேடிப் படித்தனர். சிறிதளவு உணவையும் நெடுநேரம் வைத்துப் பிசைந்து உண்டனர்; தட்டுகளை நக்கினர். நண்பர்களைவிட்டு ஒதுங்கினர். சிரிப்பு மறைந்தது, சினமும் சோர்வும் மிகுந்தன. தம் மெலிவை உணராமல், பிறர் பருத்துத் தோன்றுவதாகக் கருதியோரும் அவர்களுள் இருந்தனர். மீண்டும் உணவு தந்தபோதும் அவர்கள் உள்ளம் உடனே தெளியவில்லை; அதற்கு மாதங்கள் பல ஆயின. இவ்வாய்வின் முடிவுகள் 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

அந்த இளைஞர்கள் பிடிவாதக்காரர்களோ, செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்டவர்களோ அல்லர். பட்டினியே அவர்களை அவ்வாறு ஆக்கிற்று. ஆகவே, உண்ண மறுக்கும் பிள்ளையிடம் நாம் காணும் எரிச்சல், பொய், தனிமை நாட்டம், உணவைச் சிறுசிறு துண்டாக்கும் விந்தைப் பழக்கம் ஆகியவற்றுள் பல அவள் குணங்கள் அல்ல, பட்டினியின் குறிகள். பசித்த மூளைக்கு அறிவுரை ஏறாது. முதலில் உணவு, அதன் பின்னரே உரையாடல். மணிமேகலை செய்த மருத்துவமும் அதுதானே!

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரே நாளில் நிரம்ப உணவூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் திடீரெனக் குறைந்து உயிருக்கே இடர் நேரக்கூடும். ஆதலால் மிகவும் மெலிந்தவர்க்கு மருத்துவர் மேற்பார்வையிலேயே உணவூட்டல் தொடங்க வேண்டும்.

குடும்பம் குற்றவாளியன்று

மீட்சியில் குடும்பத்தின் இடம் யாது? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் அளித்த விடை நூறாண்டுக் காலத்தில் தலைகீழாக மாறியது.

குறித்த இடைவெளிகளில் உணவூட்ட வேண்டும் என்று கல் சரியாகவே வலியுறுத்தினார். ஆனால் உற்றாரும் உறவினரும் நோயாளியின் அருகிருக்கத் தகாதவர் என்றும் அவர் கருதினார். பிரான்சில் ஷார்கோ என்னும் பெருமருத்துவரும் நோயாளியைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கச் சொன்னார். தாய்தான் காரணம், தந்தைதான் காரணம் என்று பழிசுமத்தும் போக்கும் நெடுங்காலம் நிலவியது.

இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்தோர் இதற்கு மாறான வழியை ஆராய்ந்து பார்த்தனர். ரஸ்ஸலும் அவர்தம் துணைவரும் 80 நோயாளிகளிடையே நிகழ்த்திய ஆய்வு 1987இல் வெளியாயிற்று. மருத்துவமனையில் எடை மீட்டபின், சிலருக்குக் குடும்பத்தோடு கூடிய சிகிச்சையும், பிறர்க்குத் தனியாள் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. இளவயதில் நோய் தொடங்கி, மூன்றாண்டுகளுக்கு மேற்படாதோரிடத்தில் குடும்பச் சிகிச்சையே மேலான பயன் தந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோதும் அப்பயன் நிலைத்திருந்தது. இம்முறையில் பெற்றோர் முதற்கட்டத்தில் ஒவ்வொரு வேளையும் பிள்ளையின் அருகமர்ந்து உண்பிக்கும் பொறுப்பை ஏற்பர். உடல் தேறத் தேற, அப்பொறுப்பைப் பிள்ளையிடமே படிப்படியாக ஒப்படைப்பர். அமெரிக்காவில் 121 இளையோரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்விலும், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழுமையாக மீண்டோர் குடும்ப முறையில் 49 விழுக்காடும், தனியாள் முறையில் 23 விழுக்காடும் ஆவர்.

ஆனால் அருகிருத்தல் மட்டும் போதுமா? போதாது. மாட்ஸ்லி ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் மற்றொன்றையும் கண்டனர். தாய் மிகுதியாகக் குறைகூறும் இயல்புடைய குடும்பங்களில், பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக அமர்த்தாமல் தனித்தனியே சந்தித்து அளித்த சிகிச்சையே சிறந்திருந்தது. அருகமர்ந்து குத்திக்காட்டுவதினும் சற்று விலகியிருப்பது நலம் என்பது இதன் பொருள். நோயை ஒறுக்கலாம், நோயாளியை ஒறுத்தல் ஆகாது.

பழி கூறுதற்கு இடமில்லை என்பதை மரபணு ஆய்வும் காட்டுகின்றது. ஏறத்தாழ 17 ஆயிரம் நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய எட்டு மரபணு இடங்களைக் கண்டது. அவற்றுள் உடலின் ஆற்றல் செலவோடும் வளர்சிதை மாற்றத்தோடும் உறவுடைய கூறுகளும் உள்ளன. தாயின் வளர்ப்பு ஒன்றையே காரணமாகக் காட்டும் பழைய கருத்து இனியும் நிற்காது.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். முதல் மூன்றையும் நாம் எளிதில் நினைவுகொள்வோம், நான்காமவரை மறந்துவிடுவோம். உண்ணல் கோளாற்றில் அந்த நான்காமவரே தலைமை பெறுகின்றார். மருந்து என்பதே இங்கு உணவு. அதனை நாள்தோறும் மூன்று வேளையும் இடையிடையேயும் ஊட்ட எந்த மருத்துவரும் வீட்டுக்கு வாரார். உடனமர்ந்து உண்ணும் தாயோ தந்தையோ தோழியோதாம் அதைச் செய்தல் கூடும்.

காலம் எடுக்கும், கைவிடல் ஆகாது

மீட்சி விரைவில் நிகழாது. முன்னேற்றமும் பின்னடைவும் மாறிமாறி வரும். இதனால் குடும்பத்தார் சோர்வடைவர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 1987 முதல் 1991 வரை பதிவுசெய்யப்பட்ட 246 பெண்களை ஆய்வாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தனர். ஒன்பதாம் ஆண்டளவில் அனோரெக்சியா நோயினின்று மீண்டோர் 31 விழுக்காட்டினரே. இருபத்திரண்டாம் ஆண்டளவில் மீண்டோர் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர். பத்தாண்டு கடந்தும் மீளாதவர் இனி மீளார் என்று முடிவுகட்டுவது தவறு என்பதை 2017இல் வெளியான இம்முடிவு உணர்த்துகின்றது. இறையருளில் நம்பிக்கை இழத்தல் ஆகாது என்று கற்ற சமுதாயம் இவர்கள்பால் நம்பிக்கை இழக்கலாமா?

எடை மீண்டவுடன் நோய் தீர்ந்ததாகவும் கொள்ளலாகாது. உடல் தேறிய பின்னும் உள்ளம் தேற நாளாகும். அந்நாளில், “இப்பொழுது நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாய்” என்று வாழ்த்தாகச் சொல்லும் ஒரு சொல்லும் அவளைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். பெண் பார்க்க வருவோர் நிறத்தையும் பருமனையும் பற்றிக் கூடத்தில் அமர்ந்து பேசும் பேச்சுகளும் அத்தகையனவே. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றாண்டுகளுக்குள், உடல் மெலிய வேண்டி உண்டதை வெளியேற்றும் பழக்கம், அதற்கு முன் அப்பழக்கமே காணப்படாத பள்ளி மாணவியரிடையே தோன்றிவிட்டதை ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் கண்டார். கண்ணாடித் திரையின் சொல்லே இவ்வளவு செய்யுமெனில், அன்புக்குரிய பெரியம்மாவின் சொல் என்ன செய்யாது?

நோன்பும் நோயும்

இனி, நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு செய்தியைத் தயக்கமின்றிக் கூற விழைகின்றேன்.

ரமளான் நோன்பு உடலை ஒறுப்பதற்காக விதிக்கப்பட்டதன்று. இறையச்சத்தை வளர்ப்பதற்காக விதிக்கப்பட்டது. மெலிதலை நோக்கமாகக் கொண்டு பட்டினி கிடத்தல் நோன்பாகாது. ஆயினும் உண்ண அஞ்சும் உள்ளத்துக்கு நோன்பு ஒரு மறைவிடமாகிவிடக்கூடும். உண்ணாமைக்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஸஹர் உணவை உறக்கத்தின் பெயரால் தவிர்க்கலாம். மாலையில் ஒரு கிண்ணம் கஞ்சியோடு எழுந்துவிடலாம். ரமளான் முடிந்த பின்னும் உபரி நோன்புகள் என்ற பெயரில் தொடரலாம். நாமோ, “எவ்வளவு பேணுதலான பிள்ளை!” என்று புகழ்வோம். ஒரு நாளும் விடாமல் முப்பது நோன்பும் நோற்றாள் என்று ஒரு மகளைப் பாராட்டுகின்றோமே, கடும் மெலிவினால் அவளுக்கு மாதவிலக்கே நின்றுபோயிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கின்றோமா? அப்பாராட்டு நோய்க்கு நாம் இடும் எருவாகிவிடும்.

மார்க்கத்தின் தீர்ப்பில் ஐயமில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பினின்று விலக்களித்து, பின்னாளில் நிறைவுசெய்து கொள்ளுமாறு திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் கூறுகின்றது. நோற்க இயலாதார்க்கு ஏழைக்கு உணவளிக்கும் பித்யாவை வகுத்துள்ளது. நோன்பை விடுவதற்கான ஈடும் மற்றொருவருக்கு உணவூட்டலாகவே அமைந்திருப்பது சிந்தித்தற்குரியது. சலுகை தந்தவன் இறைவன். அதனை ஏற்பதில் நாணம் எதற்கு? காய்ச்சலில் வாடுபவனை நோன்பு நோற்காதே என்று தடுக்கும் நாம், உள்ளத்து நோயால் உடல் உருகுபவளை மட்டும் ஏன் தடுப்பதில்லை? மருத்துவர் கூடாதென்றால் கூடாது என்று ஆலிம் பெருமக்கள் அவளிடம் நேரிலேயே எடுத்துரைக்க வேண்டும். “உண்பதே இப்பொழுது உனக்குக் கடமை” என்று மதிப்புக்குரிய ஒருவர் வாயிலிருந்து வரும் சொல், குற்றவுணர்வால் வாடும் அவளுக்கு மருந்தாகும்.

நபித்தோழர் இருவர் வரலாறு இங்கு நினைவுக்கு வருகின்றது. ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன்பிறப்பினராக இணைத்து வைத்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரலி) தம் தோழரின் இல்லம் சென்றார். விருந்துணவு ஆக்கிவைத்த அபூதர்தா (ரலி), தாம் நோன்பிருப்பதாகவும் விருந்தினர் உண்ணுமாறும் கூறினார். நீர் உண்ணாதவரை நான் உண்ணேன் என்றார் ஸல்மான் (ரலி). தோழருக்காக அவரும் உண்டார். இறைவனுக்குரிய உரிமையைப் போன்றே தம் உயிருக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகள் உண்டு என்று ஸல்மான் (ரலி) அவருக்கு நினைவூட்டினார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களை எட்டியபோது, ஸல்மான் கூறியது உண்மையே என்றார்கள். புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தி இது.

அபூதர்தா (ரலி) நோயாளி அல்லர். அவர் நோற்றது உபரி நோன்பு. ஆயினும் ஸல்மான் (ரலி) கையாண்ட முறை நமக்குப் பாடமாகும். அவர் கடிந்துரைக்கவில்லை, ஊரார்முன் நாணச் செய்யவில்லை, “நீ உண்” என்று சொல்லிவிட்டுத் தாம் விலகவுமில்லை. கலத்தின்முன் அமர்ந்து, நீ உண்டால்தான் நான் உண்பேன் என்றார். மாட்ஸ்லி மருத்துவர்கள் பெற்றோர்க்குக் கற்பிக்கும் உறுதியும் கனிவும் அந்த ஒரு நிலையில் ஒருங்கே அமைந்திருக்கக் காண்கின்றோம்.

நாம் செய்யத்தக்கன

நம் கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றியமர்ந்து கூடியுண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. சஹனில் ஒரு குறையும் உண்டு, ஒரு நிறையும் உண்டு. யார் எவ்வளவு உண்டார் என்பது அதில் புலப்படாது, உண்ணாதவர் மறைந்துகொள்ளலாம். ஆனால் உடன் உண்பவர் விழிப்புடையவராயின், நல்ல இறைச்சித் துண்டைத் தம் பக்கத்திலிருந்து மற்றவர் பக்கம் தள்ளிவைக்கும் அந்தக் கை மருத்துவனின் கையாகிவிடும். நமக்கு வேண்டுவது புதிய நாகரிகமன்று. பழைய வழக்கத்தில் புதிய விழிப்பு.

விடுதிக் காப்பாளர், உணவுக்கூடத்துக்கு வாராத மாணவரின் பெயரைக் கணக்குக்காக மட்டும் குறியாமல் அக்கறையோடும் குறிக்கட்டும். ஆசிரியர், மெலிந்து மயங்கி விழும் மாணவியைத் தனியே அழைத்து, உடலின் தோற்றத்தைப் பற்றிப் பேசாமல் உள்ளத்தின் துயரைக் கேட்கட்டும். மாணவரும் இதற்கு விலக்கல்லர். கட்டுடல் வேட்கையால் உணவை அளந்து அஞ்சும் இளைஞரும் உளர். தோழியர், “உன் இரகசியத்தைச் சொல்லமாட்டேன்” என்று உறுதியளித்துவிடாமல், தக்க பெரியவரிடம் சேர்ப்பிக்கட்டும். பெற்றோர், மனநல மருத்துவரிடம் செல்வதைத் திருமணத்துக்குத் தடையென்று மறைக்காதிருக்கட்டும். நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே வழிகாட்டுதல் கேட்கலாம். ஜமாஅத் பெரியோர், ரமளானுக்கு முந்திய ஜும்ஆ உரைகளில் நோயாளிக்குரிய சலுகையைப் பற்றிப் பேசும்போது, உள்ளத்தின் நோயும் நோயே என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லச் செய்யட்டும். அந்த ஒரு வரிக்காக ஏங்கிக் காத்திருக்கும் மகள் எந்த வீட்டில் இருக்கின்றாளோ, யார் அறிவார்?

இந்நோயினின்று மீள்வோர் தம் மனவுறுதியால் மட்டும் மீள்வதில்லை. காலத்தே நோயறிந்தவர், பழிகூறாதவர், சோர்ந்து கைவிடாதவர் என ஒருவரேனும் அருகிருந்தால் மீட்சிக்கு வழி பிறக்கும். அந்த ஒருவராகும் பேறு நம்முள் எவருக்கும் வாய்க்கலாம். வாய்க்கும் நாளில், அறிவுரையைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஒரு கலத்தை எடுத்துக்கொண்டு அவர் அருகே அமர்வோம். ‘நீ உண்டால்தான் நான் உண்பேன்’ என்று கனிவோடு காத்திருப்போம். இன்ஷா அல்லாஹ், அவர் ஒரு கவளம் எடுப்பார்.